வளைவில் ஊமையாகும் ஹார்ன்

கேள்வி: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு வியாபாரியிடம் எட்டு வருடப் பழைய கார் ஒன்றை 18,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மூன்றாவது வாரமே ஹார்ன் தகராறு செய்யத் தொடங்கியது. ஸ்டீயரிங் நேராக இருந்தால் ஒலிக்கிறது. திருப்பியபடி அழுத்தினால் சத்தமே இல்லை. போன வாரம் விடியற்காலையில், ஆட்கள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் நேரம், செம்பனை மறைக்கும் தோட்டத்து வளைவில் எதிரே குலை ஏற்றும் லோரி வந்துவிட்டது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒலிக்கவில்லை. தப்பித்தது மறுபிறவி. வியாபாரியோ, “ஹார்ன் சின்ன விஷயம் அக்கா. இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: வியாபாரி இருக்கட்டும். முதலில் காரில் ஏறி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். டேஷ்போர்டில், உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஓர் உருண்டை இருப்பதுபோல ஒரு விளக்கு எரியும். அதுதான் ஏர்பேக் விளக்கு. சில வினாடிகள் எரிந்து அணைந்தால் சரி. அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். கோளாறு தெரியாமலிருக்க விளக்கை யாரோ துண்டித்திருக்கக்கூடும்.

ஹார்னைப் பற்றிக் கேட்டால் ஏர்பேக்கைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஸ்டீயரிங் வளையத்துக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள், பழைய சாவி கடிகாரத்தின் வில் போலச் சுருட்டி வைத்த தட்டையான நாடாக் கம்பி அது. வளையம் எந்தப் பக்கம் சுழன்றாலும் அறுந்துபோகாமல் மின்சாரத்தைக் கொண்டுபோவது அதன் வேலை. ஹார்ன் பொத்தானுக்குப் போகும் இணைப்பும் ஓட்டுநரின் ஏர்பேக்குக்குப் போகும் இணைப்பும் பெரும்பாலான கார்களில் இதன் வழியாகத்தான் போகின்றன. நேராக இருந்தால் ஒலித்து, திருப்பினால் ஊமையாகும் ஹார்ன் பெரும்பாலும் அந்த நாடா விரிசல் விட்டிருப்பதன் அடையாளம். இன்று ஹார்ன், நாளை ஏர்பேக். வியாபாரி சொல்லும் சின்ன விஷயம் இதுதான்.

சாலையோரத்தில் வளையத்தைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். ஏர்பேக் வெடித்து விரியும் பொருள். பேட்டரியைக் கழற்றி, அந்தக் காருக்கான கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொடவேண்டும். ஏர்பேக் இணைப்பில் டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்ப்பது தீயோடு விளையாடுவது. பழைய உதிரிபாகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கிளாக் ஸ்பிரிங்கும் வேண்டாம். அது இன்னொரு காரில் எத்தனை ஆயிரம் முறை சுழன்றதோ, யாருக்குத் தெரியும்? புதியதையும் சரியாக நடுநிலையில் நிறுத்திப் பொருத்தவேண்டும். இல்லையென்றால் வளையத்தை முழுதாகத் திருப்பும் முதல் நாளே அறுந்துவிடும்.

இனி அந்தக் கையெழுத்து. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருள்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் 32ஆவது பிரிவு. விலையையும் வயதையும் கணக்கில் கொள்வார்கள். எட்டு வருடக் காரின் இருக்கை கிழிந்திருக்கிறது என்று வழக்காட முடியாது. எச்சரிக்கை ஒலி இல்லாத கார் அந்தக் கணக்கில் வராது என்பது என் கருத்து. இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு. ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட அந்த வரி அவரைக் காப்பாற்றாது. ஒன்று காப்பாற்றக்கூடும்: விற்கும் முன் “ஹார்ன் கோளாறு இருக்கிறது” என்று அவர் உங்களிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால். (வியாபாரியிடம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு, தனியாள் விற்பனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.)

நல்ல பட்டறை ஒன்றில் கோளாறு என்னவென்று எழுதி வாங்குங்கள். அதை வைத்து, 14 நாள்களுக்குள் சரிசெய்து தரும்படி வியாபாரிக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியானாலும் போதும், அழித்துவிடாதீர்கள். அவர் மறுத்தால் அல்லது இழுத்தடித்தால் வேறிடத்தில் சரிசெய்து, நியாயமான செலவை அவரிடமே கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் மசியவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதியவேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை; உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. ரசீது, ஒப்பந்தம், பட்டறைக் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். “புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) பரிசோதனையில் தேறிய கார்” என்று அவர் வாதாடலாம். அந்தச் சான்று பரிசோதனை நடந்த அன்றைய நிலையைத்தான் சொல்லும்.

சரியாகும் வரை அந்த வளைவில் ஊர்ந்து போங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு.

கேள்வி: என் கப்சாய் (சிறிய ரக) மோட்டார் சைக்கிளின் ஹார்ன் கொசு ரீங்காரம் போலக் கேட்கிறது. லோரி போல ஒலிக்கும் இரட்டை ஹார்ன் இணையத்தில் 35 வெள்ளிக்கு வருகிறது. வாங்கி மாட்டலாமா?

பதில்: காசைச் செலவழிக்கும் முன் ஒரு பிரஷும் கொஞ்சம் தண்ணீரும் எடுங்கள். தோட்டத்துச் செம்மண் ஹார்னின் வாயில் அப்பிக் காய்ந்தால் உள்ளே இருக்கும் தகடு அதிர முடியாது. அடுத்து, ஹார்ன் பொருத்திய இடத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். பேட்டரி எத்தனை வயது என்றும் பாருங்கள். பலருக்கு இத்துடன் குரல் திரும்பிவிடும். புதிது மாட்டினாலும் வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் தேங்கும் கிண்ணம் அது.

கார்களுக்கான இரண்டு ஹார்ன்கள் சேர்ந்து 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் கைப்பிடி சுவிட்ச் அதற்குச் செய்யப்பட்டதில்லை. ரிலேயும் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் துணை சுவிட்ச்) தனி ஃபியூஸும் இல்லாமல் மாட்டினால் சுவிட்சின் முனைகள் கருகும். ஒரு நாள் ஒலியே வராது, அல்லது நிற்கவே நிற்காது. நான் வாங்கமாட்டேன். லோரிச் சத்தம் கேட்டவர் லோரியைத்தான் தேடுவார், முழங்கால் உயரத்தில் வரும் உங்களை அல்ல.

இன்னொன்று. லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் நின்று நண்பனை அழைக்க ஹார்ன் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரவு வேலை முடித்துத் தூங்குபவர் பக்கத்து வீட்டில் இருக்கலாம். போன் இருக்கிறதே, தம்பி.

கேள்வி: காரில் ஹார்ன் அறவே நின்றுவிட்டது. ஃபியூஸ் எரிந்திருக்கிறது. கொஞ்சம் பெரிய ஃபியூஸாகப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அதே அளவுதான் போடவேண்டும். மறுபடி எரிந்தால் எங்கோ கம்பி உரசக்கூடும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் கம்பி எரியும். சில மாடல்களில் ஹார்னுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான். காரை எடுக்கும் முன் பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.