வசந்த காலத்தில் முதன்முறையாக வீட்டுத் தோட்டம் போடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, எந்தக் காய்கறியை எப்போது நடுவது, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, இந்த வேலைக்குப் புதியவர், எங்கிருந்து தொடங்குவது என்பது ஒன்று. வசந்தம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நட்டுவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் வருடம் வீணானது அதனால்தான். அப்படி நடாதீர்கள். காய்கறிகளில் குளிர் தாங்குபவை, தாங்காதவை என்று இரண்டு கூட்டம் உண்டு. முதல் கூட்டத்தை விதைத்த பிறகு, இரண்டாவதை நட ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அந்த வருடம் வசந்தத்தின் தொடக்கத்தில் நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த எனக்குக் கை பரபரத்தது. ஒரே சனிக்கிழமையில் பாத்தியைக் கொத்தி, பீன்ஸும் வெள்ளரியும் விதைத்து, தக்காளி நாற்றையும் நட்டுவிட்டேன். இரண்டு வாரம் ஆகியும் பீன்ஸ் வரிசையில் ஓர் அசைவும் இல்லை. விரலால் ஓரிடத்தைத் தோண்டிப் பார்த்தேன். விதை ஊறிப் பருத்திருந்தது, முளை மட்டும் இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்தியதும் தோல் வழுக்கிக் கழன்றது. உள்ளே பருப்பு கூழாகி, புளித்த வாடை அடித்தது. வரிசை முழுக்க அதே கதைதான். முதுகில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. விதை கிடந்த ஆழத்தில் மண் சில்லென்று இருந்தது. தக்காளி சாகவில்லை, ஆனால் இலைகளின் அடிப்புறம் ஊதா நிறமாக மாறி, அப்படியே நின்றுவிட்டது. மண் குளிர்ந்திருக்கும்போது வேரால் பாஸ்பரஸைச் சரியாக உறிஞ்ச முடியாது. அந்த ஊதா அதன் அறிகுறி. மூன்று வாரம் கழித்து அதே பாத்தியின் மறு ஓரத்தில் நட்ட நாற்று, அதை முந்திக்கொண்டு காய்த்தது.

அதற்குப் பிறகு நான் நாள்காட்டியை விட மண்ணைத்தான் நம்புகிறேன். மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில், 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் செருகி, தொடர்ந்து நான்கைந்து நாள் பாருங்கள். ஒருநாள் காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பட்டாணி, பாலக், லெட்டூஸ் எல்லாம் 5 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாக முளைக்கத் தொடங்கிவிடும். 10 டிகிரிக்கு மேல் போனால் சுறுசுறுப்பாக வரும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டுக்கும் அந்த 10 டிகிரி போதும். பீன்ஸ் விதைக்கவும் தக்காளி நாற்று நடவும் 15, 16 டிகிரியாவது வேண்டும். வெள்ளரி, பூசணி, மிளகாய், கத்தரி நான்கும் 18 முதல் 20 வரை கேட்கும். ஈரமான களிமண் சூடேற அதிக நாள் எடுக்கும், மணல் கலந்த மண்ணும் உயர்த்திக் கட்டிய பாத்தியும் சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் பக்கத்து வீட்டில் நட்டுவிட்டார்கள் என்பதற்காக நீங்களும் நட வேண்டியதில்லை.

உறைபனி விழும் ஊராக இருந்தால், உங்கள் பகுதியில் கடைசி உறைபனி சராசரியாக எந்த வாரம் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் திட்டம். மிளகாய், கத்தரி விதைகளை அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பே வீட்டுக்குள் தட்டில் போட வேண்டும். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். வெள்ளரி, பூசணிக்கு 3, 4 வாரம் போதும்; வேர் அசைந்தால் அவற்றுக்குப் பிடிக்காது, நேரடியாக மண்ணிலேயே விதைத்தாலும் நல்லதுதான். பட்டாணியைக் கடைசி உறைபனிக்கு ஒரு மாதம் முன்பே வெளியில் விதைத்துவிடலாம். ஆனால் அந்தத் தேதி சராசரி மட்டுமே. சில வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி விழும். வானம் தெளிவாக, காற்றே அசையாமல் இருக்கும் இரவில்தான் அது பெரும்பாலும் வரும். அப்படி ஒரு மாலை தெரிந்தால், பொழுது சாயும் முன்பே பழைய போர்வையால் செடிகளை மூடுங்கள், காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது முதல் கேள்வி. தொடங்குவது வெயிலிலிருந்து. தக்காளி, மிளகாய், வெள்ளரி போல காய்ப்பவற்றுக்கு நேரடி வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும்; கீரை வகைகள் 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். ஒரே நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று தடவை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துப் பாருங்கள், நிழல் எங்கே நகர்கிறது என்று புரிந்துவிடும். இதில் புதியவர்கள் ஏமாறுவது ஓர் இடத்தில்: வசந்தத் தொடக்கத்தில் மரங்களில் இலை இருக்காது. இப்போது பளிச்சென்று வெயில் விழும் இடம், இரண்டு மாதம் கழித்து முழு நிழலாக இருக்கலாம். தலையை நிமிர்த்தி மேலே என்ன கிளை இருக்கிறது என்றும் பாருங்கள். அப்புறம், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருப்பது மிக முக்கியம். தூரத்தில் இருக்கும் பாத்திக்குக் கோடையில் தண்ணீர் போவதில்லை, அதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பாத்தியை 1.2 மீட்டர் அகலத்துக்கு மேல் போடாதீர்கள். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிட்டால் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. நீளம் 3 மீட்டர் வைத்து இரண்டு பாத்தி, நடுவில் உட்கார்ந்து வேலை செய்ய அரை மீட்டர் வழி. முதல் வருடத்துக்கு இது தாராளம். பந்தலில் ஏறுபவற்றையும் உயரமானவற்றையும், நீங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் வடக்கு ஓரத்தில் வையுங்கள், தெற்கே இருந்தால் தெற்கு ஓரத்தில். இல்லையென்றால் அவற்றின் நிழல் குட்டைச் செடிகள் மேல் விழும். எந்தச் செடியை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் படம் வரைந்து வைப்பது அடுத்த வருடம் உதவும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த நோய் மண்ணில் தங்கி மற்றதையும் பிடிக்கும், அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு அந்த இடத்தில் வேறு குடும்பத்தை நடுவது நல்லது.

மண்ணைக் கொத்தும் நாளையும் மண்ணே சொல்லும். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, கையைத் திறங்கள். உருண்டையாக நிற்கும். கட்டைவிரலால் அதை ஒரு குத்துக் குத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். விரல் பதிந்து, உருண்டை மாவு போல அப்படியே இருந்தால் ஈரம் அதிகம். இன்னும் சில நாள் பொறுங்கள். ஈரத்தில் கொத்திய களிமண் காய்ந்ததும் செங்கல் கட்டியாகிவிடும், அந்தப் பருவம் முழுக்க அதைச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பொறுமை காக்கச் சொல்வேன்.

உரத்தைப் பற்றி நிறைய பேர் நிறைய சொல்வார்கள். முதல் வருடத்துக்கு நன்றாக மட்கிய கம்போஸ்ட் 3 முதல் 5 செ.மீ. தடிமனுக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்தால் போதும். பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள். வேரைச் சுடும், அதிலுள்ள கிருமிகள் பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும் வரும். ஒரு தடவை மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து அமில காரத் தன்மையைத் (pH) தெரிந்துகொள்ளுங்கள், அந்த எண் 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்றது.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் முதல் வருடம் நாற்றாகவே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டு ஜன்னல் வெளிச்சம் பெரும்பாலும் போதாது. நாற்று நூல் போல நீண்டு சாய்ந்துவிடும். விளக்கு வைப்பதாக இருந்தால் செடிக்கு மிக அருகில், தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும். வாங்கும்போது உயரமானதைத் தேடாதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, இன்னும் பூக்காமல் இருப்பதுதான் நல்ல நாற்று.

வாங்கியதையும் வளர்த்ததையும் உடனே வெளியில் நடக் கூடாது. வீட்டுக்குள் காற்றும் முழு வெயிலும் படாமல் வளர்ந்த இலை மெல்லியது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், பிறகு காலை வெயிலில் கொஞ்சம் என ஏழு முதல் பத்து நாளில் பழக்குங்கள். இதைத் தவறவிட்டால் இலை ஒரே மதியத்தில் வெளிறி, காகிதம் போல உலர்ந்துவிடும். நடுவதற்கு மேகமூட்டமான நாளோ மாலை நேரமோ பாருங்கள். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி புதையும்படி ஆழமாக நடலாம். அந்தத் தண்டிலிருந்து புதிய வேர் விடும். இரண்டு தக்காளிக்கு நடுவே 50, 60 செ.மீ. இடைவெளி கொடுங்கள், நாற்று சின்னதாக இருக்கும்போது அது வெறும் இடமாகத் தெரியும், மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நடுவது? பூசணி ஒரு செடி போதும். சின்ன உருண்டை முள்ளங்கி சுமார் 30 நாளில் தயாராகிவிடும் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு குட்டி வரிசை போடுங்கள். கேரட்டை நாற்றாக நடாதீர்கள், நேரே விதைத்து, முளைத்ததும் 5 செ.மீ.க்கு ஒன்று விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். உயிருள்ள முளையைப் பிடுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், பிடுங்காவிட்டால் எதுவுமே பருக்காது. தண்ணீர் காலையில், வேர்ப் பக்கம், ஆழமாக; தினமும் தெளிப்பதை விட வாரம் இரண்டு தடவை நனைய ஊற்றுவது மேல். விதைத்த இடம் மட்டும் முளைக்கும் வரை காயக் கூடாது. மண் நன்றாகச் சூடேறிய பிறகே மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், காய்ந்த இலை போன்றவை) போடுங்கள், முன்பே போட்டால் குளிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நட்ட முதல் வாரத்தில் காலையில் எழுந்ததும் ஒரு சுற்றுப் பாருங்கள். நாற்று தரையோடு அறுந்து படுத்திருந்தால், அது வெட்டுப்புழு. பக்கத்து மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். காகித டம்ளரின் அடியை வெட்டி, ஒவ்வொரு நாற்றையும் சுற்றி வளையம் போல மண்ணில் பாதி அமுக்கி வைத்தால் அது நெருங்காது. பீன்ஸ் வரிசையில் மண் மேலோட்டமாக வெடித்து, கீழே வெளிறிய தண்டு கூன் போட்டபடி முட்டிக்கொண்டிருப்பது தெரியும். உதவுகிறேன் என்று விரலால் இழுத்துவிடாதீர்கள், தலை ஒடிந்துவிடும். மேல்மண் இறுகியிருந்தால் பூவாளியால் லேசாகத் தெளித்துவிட்டு வாருங்கள். ஓரிரு நாளில் அது தானாக நிமிர்ந்து இரண்டு இலையையும் விரித்துவிடும்.