கல்யாண பிளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது, பிரித்து விட முடியுமா?

கேள்வி: நாலு வருஷத்துக்கு முன் என் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையோடு வந்த துணியில் தைத்த பிளவுஸ் இது. லைனிங் வைத்தது. கழுத்திலும் கையிலும் ஆரி வேலை இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு முன்பக்கம் ஊக்குப் போட முடியவில்லை. 2 இஞ்ச் இடைவெளி விழுகிறது. அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம், அதே புடவையைக் கட்ட ஆசை. தைத்த பொட்டிக்கில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே துணி இல்ல மேடம், புதுசா தைச்சிடுங்க" என்கிறார். உண்மையா?

பதில்: கையில் வாங்கிப் பார்த்தாரா, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாரா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் திருப்பக்கூட இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிளவுஸ் தைக்கிறேன். திருப்பிப் பார்க்காமல் 'துணி இல்லை' என்று நான் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பவும் மாட்டேன். கல்யாண பிளவுஸுக்கு இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் பெரும்பாலானவர்கள் தைப்பார்கள். உடம்பு மாறும் என்பது தையல்காரருக்குத் தெரியும்.

நீங்களே வீட்டில் திருப்பிப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் இரண்டு மூன்று வரிசை ஓடியிருக்கும். உடம்பை ஒட்டி இருக்கும் வரிசையிலிருந்து துணியின் ஓரம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பலர் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள். '2 இஞ்ச் வேண்டும், உள்ளே 1 இஞ்ச்கூட இல்லையே' என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. பக்கத் தையலில் முன்துண்டும் முதுகுத் துண்டும் சேர்கின்றன. அந்தத் தையலை அரை இஞ்ச் தள்ளிப் போட்டால் முன்னால் அரை, பின்னால் அரை, ஒரு பக்கத்துக்கு 1 இஞ்ச் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய 2 இஞ்ச் வந்துவிட்டது. புதுத் தையலுக்கு வெளியே பிடிப்புக்குக் கால் இஞ்ச் நிற்க வேண்டும். ஆக முக்கால் இஞ்ச் இருந்தால் போதும்.

அந்த 2 இஞ்சை எப்படி அளந்தீர்கள் என்பது முக்கியம். மூச்சை வெளியே விட்டு உடம்பை ஒடுக்கி, துணியையும் இழுத்துப் பிடித்து அளந்திருந்தால் உண்மையில் 3 இஞ்ச் வேண்டியிருக்கும். அதற்கு உள்ளே 1 இஞ்ச் இருக்க வேண்டும். சும்மா நின்று, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு, வேறு ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். இடையில் எப்போதாவது பிளவுஸைத் தண்ணீரில் நனைத்தீர்களா என்றும் யோசியுங்கள். பருத்தி லைனிங்கை ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அவசரத்தில் நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. பிறகு லைனிங் சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது, பழி உங்கள் உடம்பின் மேல் விழும். பட்டு தளர்ந்து லைனிங் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால் லைனிங்கை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் பிளவுஸில் நான் உண்மையாகவே பயப்படுவது ஆரி வேலைக்குத்தான். கழுத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம். கையில் இருப்பதுதான் கவலை. பக்கத்தைப் பிரித்தால் அக்குளில் கையை இணைத்த தையலும் சேர்ந்துதான் பிரியும். வேலைப்பாடு கையின் அடித்தையலுக்கு முன்பே நின்றுவிட்டதா, தையலுக்குள்ளும் போகிறதா என்று பாருங்கள். முன்பே நின்றிருந்தால் பயமில்லை, சாதாரணமாகப் பிரிக்கலாம். சுற்றி முழுக்க ஓடியிருந்தால் நிதானம் வேண்டும். ஆரி என்பது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாய்த் தையலை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் வந்துவிடும் அல்லவா, அதே சங்கதிதான் இதுவும். ஓரிடத்தில் நூல் அறுந்தால் அங்கிருந்து பூ, கொடி, மணி எல்லாம் கழன்றுகொண்டே போகும். அதனால் பிரிக்கும் முன்பே, தையலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கை ஊசியால் ஆரி நூலை உள்பக்கம் பிடித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். மெஷின் ஓடப்போகும் கோட்டில் இருக்கும் மணிகளைக் கையால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மணியும் உடையும், ஊசியும் உடையும். பிரிப்பதும் பிளேடால் அல்ல. பிரிப்பூசியால் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டும். கை பிடிக்கவில்லை, மார்பு மட்டும்தான் பிடிக்கிறது என்றால் கையைத் தொடாமலே ஒரு வழி உண்டு. அக்குளில் மட்டும் கொஞ்சம் பிரித்து, பட்டம் போல் நான்கு முனையுள்ள ஒரு சின்னத் துண்டை வைத்துத் தைத்து, அதன் கீழே பக்கத் தையலைத் தள்ளிப் போடலாம். வேலை தெரிந்தவர் கையில் அது வெளியே தெரியவே தெரியாது. இந்த வேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள். அரை நாள் உட்கார வேண்டிய வேலை.

உள்ளே நிஜமாகவே துணி இல்லை என்றால்? நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக் மெஷினில் அடிக்கும்போது ஓரத்தை வெட்டித் தள்ளியிருந்தால் அப்படி ஆகும். அப்போதும் பிளவுஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் 1 இஞ்ச் அகலத்துக்குப் பட்டை வைக்கலாம். தையலுக்கும் சேர்த்து 2 இஞ்ச் அகலமாக வெட்ட வேண்டும். துணிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தைத்தபோது மிஞ்சிய வெட்டுத் துண்டு உங்களுடையது, கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புடவையின் உள்தலைப்பில், இடுப்பில் செருகும் முனையில், ஒரு பட்டை எடுக்கலாம். நிறம் பிளவுஸோடு ஒத்துப்போனால் மட்டும்.

செய்யக் கூடாதது இரண்டு. ஊக்கை நகர்த்தி வைக்கிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் அரை இஞ்சுக்கு மேல் கிடைக்காது, முன்பக்கம் கோணலாகி ஊக்குகளுக்கு நடுவே வாய் பிளக்கும். அடுத்தது, அக்குள் பிடிக்கிறது என்றதும் கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டுவது. இதைப் போல ஒரு பிளவுஸைக் கெடுக்கும் காரியம் வேறு கிடையாது. குழி இறங்க இறங்கக் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் கூடவே ஏறும். வெட்டியதை ஒட்டவும் முடியாது.

அந்தக் கவுண்டர் பதிலுக்கு வருகிறேன். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பல பொட்டிக்குகளில் அளவெடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறு எங்கோ, தைப்பவர் பீஸ் ரேட்டுக்கு வீட்டில் தைப்பவர். பிரித்துத் தைக்கிற வேலைக்கு அவருக்குக் கூலியே ஒழுங்காகக் கொடுப்பதில்லை. பிறகு யார் உட்கார்ந்து பிரிப்பார்? கவுண்டரில் இருப்பவருக்குப் புது ஆர்டர் வேண்டும், 'துணி இல்லை' என்ற ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்கள் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், அங்கே வெட்டியவரே தைப்பார், தைத்தவர் முகத்தைப் பார்த்தே கேட்கலாம். நடுவில் ஆள் கிடையாது. அந்த மாதிரி, உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ மெஷினில் தானே உட்காரும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் எதிரிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், என்ன செய்யப்போகிறார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கெடுத்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் ரசீது இல்லாமல் வாதாடுவது கஷ்டம். 'அளவு பிளவுஸ்' என்று பழைய ஒன்றைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். குழந்தைக்கு முன் தைத்ததைக் கொடுத்தால் அதே பழைய அளவுதான் திரும்பி வரும்.

பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரியும், உள்ளே இருந்த துணி கொஞ்சம் புது நிறமாகவும் இருக்கும். பட்டில் இது முழுக்கப் போகாது. உள்பக்கமாக, மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் தேய்த்தால் குறையும். அக்குளுக்குக் கீழே இருப்பதால் புடவை மறைத்துவிடும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். அன்று போடப்போகும் உள்ளாடையோடு போட்டுப் பாருங்கள். நின்று மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் நாத்தனார், தம்பி தாலி கட்டும்போது பின்னால் நின்று குனிந்து, இரண்டு கையையும் நீட்டி முடிச்சுப் போட வேண்டியவர். அதே மாதிரி கண்ணாடி முன் குனிந்து கையை நீட்டிப் பாருங்கள். அக்குளில் இழுத்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.