விண்டோஸ் விளையாட்டு, லினக்ஸ் கணினி: வாசகர் கேள்விகள்

அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியில் விண்டோஸ் விளையாட்டுகள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கின்றன. கணினி பழசு என்பதுதான் காரணமா?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

வயதைவிட வரைகலைச் சிப்பைப் பாருங்கள். 1993இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள், விண்டோஸ் நிரலின் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருகிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதில்லை என்பதால் பாரம் குறைவு. அதை அடிப்படையாக வைத்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது புரோட்டான். அதிலுள்ள டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி என்ற விண்டோஸ் வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கிறது.

இன்டெல் இரண்டாம் தலைமுறைச் சிப்புக்கு வல்கன் கிடையாது, மூன்றிலும் நான்கிலும் அரைகுறை, ஆறிலிருந்து கவலையில்லை. புரோட்டான் 8 முதல் டிஎக்ஸ்விகேவுக்கு வல்கன் 1.3 வேண்டும். ஆகவே மூன்று, நான்காம் தலைமுறை என்றால், விளையாட்டின் பண்புகளில் புரோட்டான் 7ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டாம் தலைமுறை என்றால் பழைய வரைகலை முறையான ஓபன்ஜிஎல் வழியே இயங்கும் வைன்டி3டிதான் கதி. வேகம் குறையும், ஆனால் டைரக்ட்3டி 9 காலத்து விளையாட்டுகள் பல ஓடும். அந்த மடிக்கணினியைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இன்னும் உயிர் இருக்கிறது.

வாலரன்ட் விளையாட்டு லினக்ஸில் ஓட வழி உண்டா?
– ஓசூர்

இல்லை. அதன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்வது. வைன் தரும் சூழலில் அப்படியொரு கெர்னலே கிடையாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரு தடுப்பு மென்பொருள்களும் 2021 முதல் புரோட்டானை ஏற்கின்றன, ஆனால் அனுமதிக்க வேண்டியவர் அந்தந்த விளையாட்டைத் தயாரித்தவர். குறுக்குவழி காட்டும் வீடியோக்களை நம்பி உங்கள் கணக்கைப் பறிகொடுக்காதீர்கள். பணம் கட்டும் முன் புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்களின் அனுபவத்தைப் படித்துவிடுங்கள்.

வட்டின் விண்டோஸ் பகிர்வில் (பார்ட்டிஷன்) ஏற்கெனவே இறக்கிய விளையாட்டுகளை லினக்ஸிலிருந்தே திறக்கலாமா? திறந்தால் ஒன்றும் நடப்பதில்லை.
– பாலக்கோடு

அது விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகைப் பகிர்வு. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் சி டிரைவ் போன்ற ஒரு கோப்புறையை உருவாக்கும். அதிலுள்ள இணைப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி (:) வரும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் அந்தக் குறிக்கு இடமில்லை. லினக்ஸின் அனுமதி முறையும் அங்கே சரியாகப் பொருந்தாது. விளையாட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 வகைப் பகிர்வுக்கு மாற்றுங்கள். மறுபடி இறக்க வேண்டியதில்லை: ஸ்டீமில் அதே விளையாட்டைப் புதிய இடத்தில் நிறுவத் தொடங்கி, நிறுத்திவிட்டு, பழைய கோப்புகளை அங்கே நகலெடுத்தால் சரிபார்த்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் இறக்கும்.

செல்போன் இணையம்தான். விளையாடாத நாளிலும் ஸ்டீம் எதையோ இறக்கிக்கொண்டே இருக்கிறது.
– பென்னாகரம்

விளையாட்டுக் காட்சிகளை வரைய முன்கூட்டியே தயாரித்த ஷேடர் கோப்புகளாக இருக்கும். அமைப்புகளில், பதிவிறக்கப் பகுதியில் அதை நிறுத்தலாம். நிறுத்தினால் புதிய காட்சிகள் முதல்முறை வரும்போது சற்றுத் திக்கும், பிறகு சீராகும். டேட்டா அளவாக உள்ளவர்களுக்கு நிறுத்துவதே நல்லது.