சிறிய மேடைக்கு எந்த விளக்கை வாங்குவது? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் 80 பேர் அமரக்கூடிய ஒரு மண்டபத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு நாடகங்களை மேடையேற்றும் குழு நாங்கள். மேடை 20 அடி அகலமும் 14 அடி ஆழமும் கொண்டது. விளக்குகளைக் கட்டும் குழாய்கள் மேடைத் தரையிலிருந்து 11 அடி உயரத்தில் இருக்கின்றன. இதுவரை விளக்குகளை வாடகைக்கு எடுத்தே சமாளித்தோம்; இப்போது ஒரு நலன்விரும்பி சொந்தமாக வாங்குவதற்குப் பணம் தந்திருக்கிறார். புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர், 54 சிறு எல்.ஈ.டி.கள் பதித்த நிறம் மாறும் பார் (PAR) விளக்குகள் பன்னிரண்டை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். எங்களுக்கு நீண்டகாலமாக ஒளியமைத்துவரும் அண்ணரோ, பழைய 1000 வாற்று பார் 64 (PAR 64) ஹலஜன் விளக்கு இல்லாமல் நாடகமே இல்லை என்கிறார். எதை வாங்குவது?
– நாடகக் குழுவொன்றின் செயலாளர், கொழும்பு 6

பதில்: நீங்கள் தந்திருக்கும் அளவுகளைப் பார்த்தால் இரண்டுமே உங்கள் மண்டபத்துக்குப் பொருந்தவில்லை. அண்ணரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். பார் 64 நல்ல விளக்குத்தான். அதன் ஒளியில் மனிதத் தோல் உயிரோடு தெரியும் என்பதையும், மங்கும்போது அது மெல்லச் செம்மஞ்சளாகி அணைகின்ற அழகையும் மறுக்க முடியாது. ஆனால் அது தொலைவிலிருந்து பாய்ச்சுவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குரிய மின்குமிழ்களில் சி.பி. 60 மிக ஒடுங்கிய கற்றையையும், 61 நடுத்தரமான கற்றையையும், 62 அகன்ற கற்றையையும் தருகின்றன என்றாலும், அந்த அகன்ற கற்றைகூட நீள்வட்டமாக விழுவதால், 11 அடிக் குழாயிலிருந்து பாயும்போது நடிகரின் நெற்றியைச் சுட்டுவிட்டுத் தோளோடு நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். 230 வோல்ற்றில் ஒரு 1000 வாற்று விளக்கு ஏறத்தாழ 4.3 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். இதிலும் பன்னிரண்டை வாங்குவதாக வைத்துக்கொண்டால், அத்தனையும் முழு ஒளியில் எரியும்போது 52 அம்பியர் வேண்டும். இங்கு பல கட்டடங்களுக்கு வழங்கப்பட்டிருக்கும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு இதைத் தாங்காது. உங்கள் மண்டபத்துக்கு மூன்று கட்ட இணைப்பு இருக்கிறதா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டறியாமல் ஹலஜன் விளக்குகளுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த 12 கிலோவாற்றில் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மண்டபத்துக்குள் தங்குகிறது. அதனைக் குளிரூட்டிகளை அளக்கும் வெப்ப அலகில் கணித்தால் மணிக்கு ஏறத்தாழ 41,000 பி.ரி.யூ. வரும், அதாவது வீட்டு அறைகளுக்குப் பொருத்தும் 12,000 பி.ரி.யூ. குளிரூட்டிகள் மூன்றுக்கு மேல், விளக்குகளின் சூட்டை வெளியேற்றுவதற்கு மட்டுமே தேவைப்படும். ஏப்ரல் மாதத்துக் கொழும்பில், தாழ்ந்த கூரையின் கீழ், பட்டுடுத்தி ஒப்பனையோடு நிற்கப்போகிறவர்களையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கடைக்காரரின் யோசனை. 54 எல்.ஈ.டி.கள், ஒவ்வொன்றும் 3 வாற்று என்றால் 162 வாற்று என்று பெட்டியைப் பார்ப்பவர் கணக்கிடுவார். பெரும்பாலான மலிவு விளக்குகளில் அந்த எண் எல்.ஈ.டி.யின் வகையைக் குறிக்கிறதேயன்றி, விளக்கு உண்மையில் எடுக்கும் மின்சாரத்தைக் குறிப்பதில்லை. விளக்கின் பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும் அம்பியர் அளவையோ, பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வாற்று மானி காட்டும் அளவையோ நம்புவதே முறை. எத்தனை எல்.ஈ.டி. என்ற எண்ணிக்கையைக் கொண்டு விளக்கை விற்கிறவர் நாடக ஒளியைப் பற்றி அதிகம் யோசித்தவராக இருக்க வாய்ப்பில்லை என்பது என் கருத்து.

உண்மையான குறை அதன் வெள்ளை ஒளியில் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் கலந்து உண்டாக்கும் வெள்ளை, சுவரில் விழும்போது வெள்ளையாகவே தோன்றும். முகத்தில் விழும்போதுதான் குட்டு வெளிப்படும். அந்த மூன்று நிறங்களுக்கும் இடைப்பட்ட மஞ்சளும் செம்மஞ்சளும் அதில் மிகக் குறைவு என்பதால், நம்முடைய மாநிறத் தோல் சாம்பல் பூசியதுபோல் தெரியும். தங்க நகை வெளிறும். மஞ்சள் பட்டு எந்த நிறம் என்று சொல்லமுடியாமல் போகும். நிகழ்ச்சி மேடையில் பாடகருக்குப் பின்னால் நிறம் பாய்ச்சுவதற்கு இது போதும். முகத்தைப் படிக்க வேண்டிய நாடகத்துக்கு இது முன்னொளியாக ஆகாது. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றையும் சேர்த்த நான்கு நிற விளக்குகள் ஓரளவு மேல். அம்பர் என்னும் செம்மஞ்சள் எல்.ஈ.டி.யும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, இவ்வகை விளக்குகள் பலவற்றின் கற்றை 25 பாகை அளவில்தான் விரிகிறது. 10 அடி தொலைவில் 25 பாகைக் கற்றை 4.4 அடி வட்டத்தையே ஒளியூட்டும். ஒரு நடிகர் இரண்டு அடி எடுத்துவைத்தால் இருளுக்குள் போய்விடுவார். 50 பாகை விரிவு இருந்தால் அதே தொலைவில் 9 அடிக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். உங்கள் மண்டபத்துக்கு வேண்டியது இந்த விரிவுதான். பெரிய அரங்கில் பார்த்த விளக்கையே வாங்க வேண்டும் என்று ஆசைப்படும் குழுக்கள் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான்: லயனல் வென்ட் அரங்கில் தொங்கும் விளக்கு அங்குள்ள தூரத்துக்காகத் தொங்குகிறது.

ஆகவே என் பரிந்துரை, வெள்ளை ஒளி மட்டும் தரும் எல்.ஈ.டி. பிரெனெல் விளக்குகளை முதலில் வாங்குங்கள் என்பதாகும். பிரெனெல் என்பது கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்தன் பிரெனெல் வடிவமைத்த, வளையம் வளையமாக வெட்டிய வில்லை. அதன் ஒளியின் விளிம்பு மிருதுவாக இருப்பதால் பக்கத்து விளக்கின் ஒளியோடு தையல் தெரியாமல் கலந்துவிடும், கற்றையை ஒடுக்கவும் விரிக்கவும் முடியும். 150 அல்லது 200 வாற்று விளக்கு ஒன்று உங்கள் தூரத்துக்குத் தாராளம். 200 வாற்று விளக்கு ஓர் அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும் என்பதால் மண்டபத்தின் சாதாரணச் சுவர்ச் செருகியே போதும். 2700 கெல்வின் (மஞ்சள் சாயல்) முதல் 6500 கெல்வின் (நீலச் சாயல்) வரை வெள்ளையின் தன்மையை மாற்றக்கூடிய வகை கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள். மாலை வெயிலையும் நிலவொளியையும் ஒரே விளக்கில் பெறலாம். பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதை அளக்கும் நிற மீட்புச் சுட்டி (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் இருக்க வேண்டும். அதோடு ஆழ்சிவப்பைக் காட்டும் ஆர் 9 என்ற தனி மதிப்பையும் கேளுங்கள். முகத்துக்கும் குங்குமத்துக்கும் அதுவே முக்கியம். கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் விபரத்தாளை வாங்கித் தரச் சொல்லலாம்.

எத்தனை வேண்டும்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மக்கென்ட்லெஸ் வகுத்துத் தந்த முறைப்படி, மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமுமாக இரண்டு விளக்குகளைச் சாய்வாகப் பாய்ச்சுவார்கள். உங்கள் மேடை முன்னே மூன்று, பின்னே மூன்று என ஆறு பகுதிகளாகப் பிரியும். முழுக் கணக்கில் பன்னிரண்டு விளக்குகள். ஒரே தடவையில் அத்தனையும் முடியாது என்றால் முன்பகுதிகளுக்கு ஆறை வாங்கிவிட்டு, பின்பகுதிகளுக்கு இன்னும் ஓரிரு நாடகங்கள் வரை வாடகை விளக்குகளை நம்பியிருக்கலாம். கடைக்காரர் காட்டிய நிற விளக்குகளில் நான்கு மட்டும் எடுத்து, பின்திரைக்கும் மேலொளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான விளிம்பும், ஒளியில் உருவம் விழுத்தும் தகடும் தேவைப்படும் காட்சிக்குரிய புரொபைல் விளக்கை வாங்கவே வேண்டாம். ஆண்டுக்கு நான்கு நாடகங்களுக்கு அதன் விலை கட்டுப்படியாகாது.

வாங்குவதற்கு முன் விளக்கை எரித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முதலாம் குறுக்குத் தெருக் கடையொன்றின் பகல் வெளிச்சத்திலும் இரைச்சலிலும் எந்த விளக்கும் நன்றாகத்தான் தெரியும். ஒன்றை மட்டும் வைப்புப்பணம் கட்டி மண்டபத்துக்குக் கொண்டுவந்து, மண்டபத்தை இருட்டாக்கி, உங்கள் நடிகர் ஒருவரை உடையோடும் ஒப்பனையோடும் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒளியை நூற்றுக்கு ஐந்து வரை மிக மெதுவாக இறக்குங்கள். படிப்படியாகத் துள்ளி இறங்கினாலோ, கடைசியில் படக்கென்று அணைந்தாலோ அந்த விளக்கு நாடகத்துக்கு உதவாது. 256 படிகளில் மட்டும் மங்கும் விளக்குகளில் இந்தத் துள்ளல் அதிகம். 16 பிற் முறையில் 65,536 படிகள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மங்கிய நிலையிலேயே கைத்தொலைபேசியால் ஒளிப்பதிவு செய்து, திரையில் கோடுகள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாக, ஒரு மணி நேரம் எரியவிட்டு எல்லோரும் பேசாமல் இருங்கள். 80 பேர் மண்டபத்தில் மௌனமான ஒரு காட்சியின்போது ஆறு விளக்குகளுக்குள் இருக்கும் குளிர்விக்கும் விசிறிகள் இரைவதைக் கேட்ட பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது.

கேள்வி: எங்கள் பாடசாலை மண்டபத்தில் 650 வாற்று ஹலஜன் பிரெனெல் விளக்குகள் எட்டு இருக்கின்றன. மின்குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோகின்றன. இவற்றைக் கழித்துவிட்டு எல்.ஈ.டி. வாங்கும்படி அதிபர் கூறுகிறார். அது சரியா?
– நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: விளக்குகளின் உடலும் வில்லையும் நன்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், ஆசிரியை அவர்களே. மின்குமிழ் விரைவில் எரிவதற்கான காரணங்கள் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றன. வெறும் விரலால் அதன் கண்ணாடியைத் தொட்டால், ஒட்டிய எண்ணெய்ப்பசை சூடேறி அந்த இடம் பழுதாகும். உறையோடு அல்லது சுத்தமான துணியால் பிடித்துப் பொருத்தி, தொட்டுவிட்டால் மதுசாரத்தால் துடைக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் விளக்கையும் அணைத்து ஆறாத விளக்கையும் மாணவர்கள் தட்டித் திருப்பினால், சூட்டில் தளர்ந்திருக்கும் இழை அறுந்துவிடும்.

மின்குமிழை வாங்கும்போது, விளக்கில் பொருந்தும் அதன் அடிப்பகுதி, அதாவது அடித்தாங்கி, ஜி.வை. 9.5 வகையா என்பதோடு, வோல்ற்று அளவையும் பாருங்கள். மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து கூடினாலே ஹலஜன் மின்குமிழின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். அதனால் 230 வோல்ற்று என்று பொறித்ததைவிட 240 வோல்ற்று மின்குமிழையே கேட்டு வாங்குங்கள். ஒளி சற்றுக் குறைந்தாலும், கணக்கின்படி ஒன்றரை மடங்குக்கு மேல் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டெம்பரில் விளக்கு விதிகளை இறுக்கியபோது, மேடை விளக்குகளுக்குரிய சில அடித்தாங்கிகளுக்கு விலக்கு அளித்தது, ஜி.வை. 9.5 அவற்றுள் ஒன்று. ஆயினும் தயாரிப்பு சுருங்கி வருகிறது என்பதால், இரண்டு ஆண்டுகளுக்குத் தேவையானதை இப்போதே வாங்கி வைத்தால் நல்லது. பழைய விளக்குக்குள் எல்.ஈ.டி. மின்குமிழைச் செருகும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இழை இருக்க வேண்டிய புள்ளியில் ஒளி உண்டாகாததால் வில்லை அதைச் சரியாகத் திரட்டித் தராது.

கேள்வி: எல்.ஈ.டி. விளக்குகளை இணைக்க ஒலிவாங்கிக் கம்பியே போதும் என்கிறார்கள். ஹலஜன் விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து மங்கச் செய்யும் பழைய டிம்மர் எங்களிடம் உள்ளது; அதில் இவற்றைச் செருகலாமா?
– ஒளியமைப்பு பழகுபவர், தெஹிவளை

பதில்: டிம்மரில் செருகவே கூடாது, விளக்கின் உள்ளிருக்கும் மின்வழங்கி பழுதாகிவிடும். டிம்மர் வழியாக அல்லாமல் சுவர்ச் செருகியிலிருந்தே மின்சாரம் கொடுத்து, டி.எம்.எக்ஸ். (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் சமிக்ஞை முறை) கட்டுப்பாட்டுப் பலகையால்தான் மங்கச் செய்ய வேண்டும். ஒலிவாங்கிக் கம்பியின் செருகி பொருந்தும், குறுகிய தூரத்தில் வேலையும் செய்யும். ஆனால் கம்பி நீள நீள விளக்குகள் தாமாகச் சிமிட்டத் தொடங்கும். டி.எம்.எக்ஸ்.க்குரிய 110 அல்லது 120 ஓம் கம்பியை வாங்கி, கடைசி விளக்கில், சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் முடிப்பான் ஒன்றைச் செருகுங்கள். ஒரே தொடரில் 32 விளக்குகளுக்கு மேல் கோக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய விளக்குகளில் ஒன்று எரியவில்லை. ஓராண்டு உத்தரவாதம் என்று வாயால் சொன்ன கடை, இப்போது மேடையில் பாவித்த பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கொழும்பு 13

பதில்: மேடை விளக்கை மேடையில் பாவிக்கக்கூடாது என்பது விசித்திரமான நிபந்தனை. முதலில் பற்றுச்சீட்டின் பிரதியோடும் பழுதைக் காட்டும் படத்தோடும் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழிமுறையைக் கேட்டறியலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது. தொலைபேசியில் பேசிப் பேசி அதைக் கழித்துவிடாதீர்கள்.

அடுத்த தடவை வாங்கும்போது விளக்கின் தொடரிலக்கம், உத்தரவாதக் காலம், அது எல்.ஈ.டி.யையும் மின்வழங்கியையும் விசிறியையும் உள்ளடக்குகிறதா என்பது ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி முத்திரை இடச் சொல்லுங்கள். சொல்லும் விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வரியில்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்லிப் பற்றுச்சீட்டே தராத இடத்தில், முறையிடுவதற்கான ஆதாரமும் உங்களிடம் இருக்காது.