அக்கறை இருக்கிறது, டேட்டாதான் இல்லை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, இணையத்தில் மனு போட்டும் கையெழுத்து சேரவில்லை, மக்களுக்கு அக்கறையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை.

உங்கள் மனுப் பக்கம் நாலு பெரிய படங்களோடு திறக்கிறது, அப்புறம் மின்னஞ்சல் கேட்கிறது. ஒரு நாள் டேட்டா போட்டு வாட்ஸ்அப் மட்டும் பார்க்கும் ஆயா அதற்குள் எப்படி நுழைவார்? சிறு டேட்டா பேக் வாங்கும் ஏழைகளே ஒரு எம்பி டேட்டாவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் நாட்டின் போட்டி ஆணையம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2016இல் தொடங்கிய டேட்டா விலைப் போராட்டத்தின் பலனாக, 2020 ஏப்ரலில் மாத 1 ஜிபி 149 ரேண்டிலிருந்து 99க்கு இறங்கியது. ஆனாலும் மாத பேக்குக்கான பணத்தை மொத்தமாக எடுத்து வைக்க முடியாத வீடுகள்தான் உங்கள் தெருவில் அதிகம்.

சரி, காகிதத்தை எடுங்கள். 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனுக்களை வாங்கிப் பரிசீலிக்க வழி செய்யும்படி நகராட்சிகளுக்குச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தேவையையும் கவனிக்கச் சொல்கிறது. இதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் வாசலில் ஒரு மேசை போடுங்கள். ஜூலு பேசும் பக்கத்து வீட்டாரையும் சேருங்கள், தண்ணீர் அவர்களுக்கும்தான் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ வேண்டாம், நாலு வரி எழுத்து போதும். மனுவை நகராட்சியில் கொடுக்கும்போது, உங்கள் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கையெழுத்துத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போடவும் வேண்டாம், அதில் எல்லாருடைய முகவரியும் இருக்கும்.