பேசினால் மூக்குத் தாழும் விமானம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செம்பனை ஆலையில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அண்ணன் மகன், நண்பர்களுடன் சேர்ந்து, இருவர் அமரும் ஃபைபர்கிளாஸ் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி முடித்திருக்கிறான். ஆட்டோபைலட் இயங்கும்போது ரேடியோவில் பேசப் பொத்தானை அழுத்தினால் மூக்குத் தாழ்கிறது. கையை எடுத்தால் சரியாகிவிடுகிறது. “ஆட்டோபைலட்டையே மாற்றிவிடலாமா, சித்தப்பா?” என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: மாற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். புதிய பெட்டியும் அதே ஒயர்களில்தான் இணையப்போகிறது. பணம் போன பிறகும் மூக்குத் தாழ்வது நிற்காது.

விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் ஏஎம் முறையில், அதாவது அலையின் வலுவைக் கூட்டிக் குறைத்துக் குரலை அனுப்பும் முறையில், இயங்குகிறது. எனவே பொத்தானை அழுத்திய கணத்திலேயே, விமானி வாய் திறப்பதற்கு முன்பே, குரலைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை முழு வலுவோடு வெளிப்பட்டுவிடும். அந்த அலை ஆட்டோபைலட்டுக்குச் செல்லும் ஒயர்களில் ஏறி, உள்ளே இருக்கும் சில்லுகளின் குறைக்கடத்திச் சந்திப்புகளில் ஒரே திசையில் ஓடுமாறு மாற்றப்பட்டு, மிகச் சிறிய டிசி மின்னழுத்தமாக மாறுகிறது. உணரியிலிருந்து வரும் சமிக்ஞையோடு அது கலந்துவிடுவதால், மூக்கு உயர்ந்துவிட்டதாகவே ஆட்டோபைலட் எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை அசைக்கும் சர்வோ மோட்டாரைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தும்போதே மூக்குத் தாழ்ந்து, பேசத் தொடங்கியதும் கட்டுப்பாட்டுக் கோல் நடுங்கினால், காரணம் இதுவே என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஃபைபர்கிளாஸ் என்பது இங்கு முக்கியமான தகவல். அலுமினிய விமானத்தில் உலோகத் தோலே ஆன்டெனாவின் மறுபாதிபோல் வேலை செய்யும் உலோகப் பரப்பாக, அதாவது தரைத்தளமாக (ground plane) அமைந்து, அலையை வெளியிலேயே நிறுத்தவும் பெருமளவு உதவுகிறது. ஃபைபர்கிளாஸோ ரேடியோ அலைக்குத் திறந்த சன்னல். 125 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 மீட்டர்; அதில் கால் பங்கான 60 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டு ஆன்டெனாவுக்கு, அதே அளவு நீளமுள்ள செப்புப் பட்டைகளோ உலோகத் தகடோ அடியில் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால், ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் உலோக வெளியுறையே ஆன்டெனாவின் மறுபாதியாகி, இருக்கைக்கு அடியிலும் சர்வோ ஒயர்களை ஒட்டியும் அலையைப் பரப்பிக்கொண்டே போகும். 5 வாட் ரேடியோகூட ஒரு மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறத்தாழ 15 வோல்ட் அளவுக்கு மின்புலத்தை உண்டாக்கும். தூரம் மூன்று மடங்கானால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

சோதனையைத் தரையில், எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்த பிறகே செய்ய வேண்டும். ஆட்டோபைலட்டை இயக்கி, கோலில் இலேசாகக் கை வைத்தபடி, அனுமதியுள்ள அலைவரிசையில் பொத்தானைச் சில வினாடிகள் மட்டும் அழுத்தட்டும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசை என்பதால் அதைத் தொடவே கூடாது. பிறகு ரேடியோவிலிருந்து ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அலையை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றும் 50 ஓம் டம்மி லோடைப் பொருத்தி மீண்டும் அழுத்தட்டும். கோல் அசையாமல் நின்றால் ஆன்டெனாவோ அதன் கேபிளோதான் காரணம். அப்போதும் அசைந்தால் மின்வழங்கல் ஒயர், எர்த் இணைப்பு, மைக் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆன்டெனாவை மீண்டும் இணைத்த பிறகு, கேபிளைக் கையால் இறுகப் பிடிக்கும்போது ஆட்டம் கூடினாலோ குறைந்தாலோ, அதன் வெளியுறையில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். பலர் இந்தச் சோதனைகளைச் செய்யாமலேயே வடிகட்டிகளை வாங்கி அடுக்குகிறார்கள். அது வீண் செலவு.

ஆன்டெனா பக்கம்தான் குறை என்று தெரிந்தால் தரைத்தளத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. கேபிள் முனைகளில் உள்ள இணைப்பிகள் சரியாக நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். அடுத்து, ஆன்டெனாவுக்கு மிக அருகில் கேபிளின் மேல் வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சில ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்களைக் கோக்கலாம். பழைய கணினித் திரைகளின் கேபிளில் உருண்டையாகத் தெரிவது இதே வகைப் பொருள்தான். சுவிட்ச் மோட் மின்வழங்கிகளுக்கென விற்கப்படும் வளையங்கள் இந்த அலைவரிசையில் அவ்வளவாக உதவாது என்பதால், 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் பயன்படும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் தொழில் அனுபவம் உங்களையே தவறான பக்கம் இழுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆலையில் உணரிக் கேபிளின் ஷீல்டை, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை, ஒரு முனையில் மட்டும் எர்த் செய்கிறோம். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அது சரியான முறை. ஆனால் ஷீல்டின் முனையை முறுக்கி 15 சென்டிமீட்டர் வாலாக விட்டு எர்த் செய்தால், 125 மெகாஹெர்ட்ஸில் அந்த வாலே ஏறத்தாழ 100 ஓம் தடையாக நிற்கும். எர்த் இருந்தும் இல்லாத நிலைதான். இணைப்பு ஓரிரு சென்டிமீட்டருக்குள் முடிய வேண்டும். ஒரு முனையா இரு முனைகளா என்பதற்கு ஆட்டோபைலட் தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

சான்று பெற்ற விமானக் கருவிகள் டிஓ-160 என்னும் தரத்தின்படி ரேடியோ அலைகளுக்கு நடுவே வைத்துச் சோதிக்கப்படுகின்றன. சொந்தமாகக் கட்டும் விமானங்களில் அத்தகைய சான்றில்லாத ஆட்டோபைலட்டையும் பொருத்தலாம். அதன் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறை தீரும்வரை ஆட்டோபைலட் இல்லாமலே பறக்கட்டும். துண்டிக்கும் பொத்தானும் அதற்குரிய பிரேக்கரும் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்க்காமலே தொட்டறியப் பழகட்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு அருகில் மண்டோர் (மேற்பார்வையாளர்) வாக்கி-டாக்கியில் பேசலாமா?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்

பதில்: பேசலாம், ஆனால் ட்ரோனை ஒட்டி நின்று வேண்டாம். ட்ரோனின் கட்டுப்பாட்டு இணைப்பு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் இரண்டும் நேரடியாக மோதுவதில்லை. எனினும் மேலே சொன்னதுபோல், அருகிலிருக்கும் வலுவான அலை எந்த ஒயரிலும் ஏறக்கூடும். வாக்கி-டாக்கியின் ஸ்பீக்கரில் உள்ள காந்தமோ ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பிவிடும். ஆகவே ட்ரோனை இயக்கித் திசைகாட்டியைச் சீரமைக்கும் நேரத்தில் வாக்கி-டாக்கியை ட்ரோனின் மேல் வைக்காமல், சில மீட்டர் தள்ளி வைத்துவிடுங்கள்.