தஞ்சம் கோரியவரின் சட்ட நிலை நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

உயிருக்கு அஞ்சி வேறொரு நாட்டில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்து, முடிவுக்காகக் காத்திருப்பவரே தஞ்சக் கோரிக்கையாளர். மனு ஏற்கப்பட்டால்தான் சட்டப்படி அகதி என்ற அங்கீகாரம் கிடைக்கும்.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, யார் அகதி என்று வரையறுக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் மனுவை யார் விசாரிப்பது, எப்படி விசாரிப்பது என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். ஒரு பள்ளி அவரை அடுத்த வகுப்பில் தற்காலிகமாக உட்கார வைக்கும். இன்னொன்று முடிவு வரும்வரை வெளியே நிறுத்தும். விடைத்தாள் ஒன்றுதான். கனடாவில் விசாரணை நடக்கும்போதே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் பொதுவாக 12 மாதம் காத்திருந்த பிறகே அதைக் கேட்க முடியும். அதுவரை சம்பாதிக்க வழியில்லை. என் பார்வையில் இந்தக் காத்திருப்புதான் மிகக் கொடுமையானது. சரி, உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுகள்? இந்தியா அப்படித்தான், அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமே இல்லை.

அனுமதியின்றி எல்லை தாண்டியவர் தஞ்சம் கேட்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தெரிவித்து, தக்க காரணமும் சொன்னால், அப்படி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு.